நான் அழித்த நீல நூல்

யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். எங்கள் தோட்டத்துக் கோயிலில் சாமி ஆடிய ஒருவரைப் பார்த்து, இவ்வளவு நேரம் ஆடினால் கால் வலிக்காதா என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதனால் நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. சிரித்துவிட்டால் எனக்கு ஒரு வகையில் நிம்மதிகூட. இதில் பயப்பட வேண்டியது கொஞ்சம்தான், வெட்கப்பட வேண்டியதுதான் நிறைய. நம்புவதா வேண்டாமா என்பதை முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்கு லுக்குட்டில் ஒரு பேனர் கடையில் வேலை. கல்யாணம், திருவிழா, மரண அறிவிப்பு எல்லாவற்றுக்கும் நான்தான் படம் செய்வேன். செத்தவர் தலைக்குப் பின்னால் மேகம் வைப்பதும், மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் ரோஜா வைப்பதும் என் கைதான். வீடு லிங்கி பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில், அப்பா வேலை செய்த காலத்தில் தொழிலாளர் வரிசையில் கொடுத்த லயத்து வீடு. டேப்லெட்டில் பறவை வரைவது எனக்குப் பொழுதுபோக்கு என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். மனசுக்குள் அதுதான் என் தொழில், பேனர்தான் வயிற்றுப்பாடு என்று ஒரு நினைப்பு.

எப்படி வரைவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்துப் பயனில்லை. யாராவது எடுத்த புகைப்படத்தை அடியில் வைப்பேன். அதை மங்கலாக்கிவிட்டு, மேலே கண்ணாடித்தாள் மாதிரி ஒரு லேயர் போட்டு, கீழே தெரிகிற கோட்டின் மேலேயே பேனாவை ஓட்டுவேன். நிறத்தையும் அந்தப் படத்திலிருந்தே உறிஞ்சி எடுத்துக்கொள்ளலாம், ஒரு தட்டு தட்டினால் போதும். எல்லாம் முடிந்ததும் அடியில் இருக்கிற புகைப்படத்தைத் தூக்கிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? பார்த்து வரைவதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் நான் “நேரில் கண்டு வரைந்தது” என்று எழுதிப் போடுவேன். அங்கேதான் தப்பு.

சிரம்பானில் ஓர் ஓவியக் கண்காட்சி வைப்பதாக அறிவிப்பு வந்தது. நம் வட்டாரத்துப் பறவைகள் என்பது தலைப்பு. கலந்துகொள்கிறவர் பறவையைத் தானே நேரில் பார்த்திருக்க வேண்டும், அடுத்தவர் எடுத்த படத்தை வைத்து வரையக் கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். முப்பத்தாறு வயது வரைக்கும் என் பெயர் ஒரு சுவரிலும் தொங்கியதில்லை. இதில் எப்படியாவது தொங்கவிட்டுவிட வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது.

எங்கள் தோட்டத்தில் பத்மா அக்கா என்று ஒருவர் இருக்கிறார், ஆந்தைப் பெட்டி பார்ப்பவர். செம்பனைப் பழத்தை எலி தின்று தீர்த்துவிடும் என்பதற்காக, கம்பம் நட்டு அதன் உச்சியில் மரப்பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் ஆந்தை என்றால் காதைப் பொத்திக்கொள்வார்கள், எங்களுக்கு அதுவும் ஒரு தோட்டத் தொழிலாளி, சம்பளம் மட்டும் கிடையாது. எந்தப் பெட்டியில் முட்டை, எந்தப் பெட்டியில் குஞ்சு என்று எழுதி வைப்பது அக்காவின் வேலை. அவரிடம் ஒரு படம் கேட்டிருந்தேன், அனுப்பினார். ஏழாம் நம்பர் பெட்டியின் விளிம்பில் வெள்ளை முகத்தோடு ஓர் ஆந்தை, மாலை வெயில் முகத்தில் விழ, ஒரு காலை வயிற்று இறகுக்குள் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. கைபேசியில் எடுத்த படம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படி விழுந்திருந்தது.

படத்தோடு ஒரு குரல் பதிவும் வந்தது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

“தம்பி, இந்த ஆந்த ரெண்டு நாளா ஒரு கால தூக்கிக்கிட்டே நிக்கிது. வேல வாங்குற மண்டோருகிட்ட சொன்னேன், ஆந்தன்னா ஒத்தக் கால்லதான் நிக்கும்லான்னு சிரிக்கிறாரு. எனக்கு ஆப்பரேசன் பண்ண கண்ணு, தூரத்துல சரியாத் தெரிய மாட்டேங்குது. உள்ள குஞ்சு இருக்கு, இப்ப ஏணி வைக்கக் கூடாது. ஒன் கேமராவக் கொண்டாந்து கொஞ்சம் பெருசாக்கிப் பாத்துச் சொல்லு.”

சரிக்கா, நாளைக்கு வரேன் என்று பதில் போட்டேன். ஏழாம் பெட்டி என் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம். மறுநாள் போகவில்லை, மழை. அதற்கு மறுநாள் மழை இல்லை, அப்போதும் போகவில்லை. உண்மையைச் சொன்னால், கையில் இருக்கிற படமே அவ்வளவு அழகாக இருந்தது, அங்கே போய் நிற்கிற நேரத்தில் இன்னும் நாலு இறகு வரையலாமே என்று கணக்குப் போட்டேன். ஒற்றைக் காலில் நிற்பது ஆந்தைக்கு வழக்கம்தான் என்று இணையத்திலும் போட்டிருந்தது. அதைப் படித்ததும் மனசு லேசாகிவிட்டது, அதற்காகத்தானே படித்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் சாப்பாட்டு நேரம். முகம் முடிந்து வயிற்றுப் பக்கம் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு வாய் சோறு எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வயிற்று இறகுக்குள்ளிருந்து கீழே தொங்குகிற மாதிரி ஒரு நீலக் கோடு. கை பட்டிருக்கும், வேறு என்ன? அழித்தேன்.

வியாழக்கிழமை மறுபடியும் அதே இடத்தில். இந்த முறை அது கோடு மாதிரி இல்லை, நூல் மாதிரியே இருந்தது, முறுக்கு தெரிந்தது, நடுவில் ஒரு முடிச்சு. அடியில் இருந்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதில் நூலும் இல்லை ஒன்றும் இல்லை. அந்த நீலம் நான் எடுத்து வைத்திருந்த நிறங்களிலும் இல்லை. டேப்லெட்டில் ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையும் அழித்தேன். அழித்துவிட்டு அந்த லேயரை யாரும் தொட முடியாதபடி பூட்டியும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அனுப்ப வேண்டிய கடைசி நாள். பட்டப்பகல், வெளியே பக்கத்து வீட்டில் துணி அலசுகிற சத்தம், பேய் வருகிற நேரமே இல்லை. படத்தைத் திறந்தேன். பூட்டு அப்படியே இருக்கிறது, நூலும் இருக்கிறது. இந்த முறை நீளமாக, வயிற்றிலிருந்து இறங்கி, பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கிற ஓர் ஆணியில் போய்ச் சுற்றியிருந்தது. அந்த ஆணியை நான் வரையவே இல்லை. நானே வரைந்திருந்தாலும் இவ்வளவு நன்றாக வரைந்திருக்க முடியாது, அவ்வளவு நிஜம்.

அப்போது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் புரிந்தது. உரச் சாக்கின் வாயைத் தைக்கிற நூல் அது, தோட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். பிடித்து இழுத்தால் சர்ரென்று பிரிந்து வரும், அப்படியே மரத்தடியில் எறிந்துவிட்டுப் போவோம். அக்கா சொன்ன கால் ஞாபகம் வந்தது. மோட்டார் சாவி கண்ணெதிரே ஆணியில் தொங்கியது. ஆனால் ஐந்து மணிக்குள் படத்தை அனுப்பியாக வேண்டும், நூலோடு அனுப்பினால் அழகு கெட்டுவிடும். பூட்டைத் திறந்து அழித்தேன். ஆணியையும் அழித்தேன். “ஏழாம் பெட்டியின் கீழே மூன்று மாலை உட்கார்ந்து, கொசுக்கடியில் நேரில் கண்டு வரைந்தது” என்று எழுதி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். நன்றாகச் சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

சாப்பிட்ட பிறகாவது போயிருக்கலாம். அடுத்த நாள் போயிருக்கலாம். போய்ப் பார்த்து உண்மையில் நூல் இருந்தால் அப்புறம் நான் என்ன ஆவது என்று ஒரு பயம், அதனால் போகவில்லை.

படத்தை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை கண்காட்சி. சுவரில் என் பெயர், என் ஆந்தை. கண்ணைப் பாருங்கள், உயிர் இருக்கிறது என்று ஒரு பெரிய மனிதர் சொன்னார். நான் அவருக்கும் இன்னும் நாலு பேருக்கும் மூன்று மாலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், கொசு எந்த அளவு இருந்தது என்று கையைக்கூடக் காட்டினேன். திரும்பினால் பின்னால் பத்மா அக்கா நிற்கிறார். நல்ல சேலை கட்டி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார், நான்தான் பெருமைக்குக் கூப்பிட்டிருந்தேன். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. ஒரு வார்த்தையிலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்கள் நகர்ந்த பிறகு படத்தின் பக்கத்தில் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தத் தூக்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்றுக் காலையில் அது செத்துக் கிடந்ததாகச் சொன்னார். கிடக்கவில்லை, தொங்கியது. காலில் உரச் சாக்கு நூல் சுற்றி இறுகி, மறு முனை பெட்டியின் வலது பக்கத்து ஆணியில் மாட்டி, தலைகீழாக. இரண்டு குஞ்சு இருந்ததில் ஒன்றுதான் மிச்சம். நூல் என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். நான் ஞாயிற்றுக்கிழமை அழித்தேன், அது வெள்ளிக்கிழமை செத்தது. நடுவில் எத்தனை நாள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், நான் எண்ணி எண்ணிப் பார்த்தாகிவிட்டது.

வெளியே ஒரு கடையில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. வரைவதை முழுக்க அந்த டேப்லெட்டே படம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று தன் மகள் சொன்னதாகவும், அதைக் காட்டு, இன்னொரு தடவை அந்த ஆந்தையைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டார். அது உண்மைதான். பேனா படுகிற ஒவ்வொரு தடவையையும் டேப்லெட் சேர்த்து வைத்து, கடைசியில் இரண்டு நிமிஷப் படமாக ஓட்டிக்காட்டும். கை சும்மா இருக்கிற நேரத்தை அது எடுக்காது. நான் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு பதிவே இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் பொய் தீர்ந்துவிட்டது போல, வாயில் வரவில்லை.

தொடங்கியதுமே அடியில் அவர் எடுத்த படம் தெரிந்தது. முகம் வந்தது, இறகு வந்தது. அப்புறம் சட்டென்று நீல நூல். அதை யாரும் வரையவில்லை. மற்ற கோடெல்லாம் ஊர்ந்து ஊர்ந்து வளர்கிறது, நூல் மட்டும் முழுசாக வந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் என் அழிப்பான் வந்து தேய்க்கிறது. மறுபடி நூல், மறுபடி தேய்ப்பு. மூன்றாவது தடவை ஆணியோடு. அதையும் தேய்க்கிறேன், ஒரு பிசிறு விடாமல், ரொம்ப அக்கறையாக.

“மூணு தடவ அழிச்சியா தம்பி?”

ஆமாம் என்றேன். சத்தியமாக நான் வரையவில்லை அக்கா, யார் வரைந்தது என்றே தெரியவில்லை என்று உளற ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதுகூட எனக்காக வந்த தண்ணீர்தான். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“யாரு வரஞ்சா என்ன. ஒனக்குத்தான காட்டுச்சு.”

படத்தை அன்றைக்கே கழற்றச் சொல்லிவிட்டேன், காரணத்தையும் சொன்னேன். அக்கா இப்போதும் வழியில் பார்த்தால் சாப்பிட்டியா என்று கேட்கிறார், படம் மட்டும் அனுப்புவதில்லை.

அந்த வீடியோவை அப்புறம் தனியாக எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். மூன்றாவது நூல் வந்த பிறகு, என் அழிப்பான் வருவதற்கு முன்னால், படம் அசையாமல் நிற்கிறது. பதினோரு வினாடி. கை சும்மா இருக்கிற நேரத்தை அது எடுக்காது என்று சொன்னேன் இல்லையா, விவரம் தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டேன், வாய்ப்பே இல்லை என்றார்கள். ஆனால் அங்கே பதினோரு வினாடி இருக்கிறது, நூலோடு அந்த ஆந்தை என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, நான் எழுந்து போவேனா என்று.