அவர் வாய் திறக்க வேண்டும்

அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, அடுத்த வேலை எதுவும் கையில் இல்லாமல் நடந்தேன். பஸ்ஸுக்காகக் கூடவே நடந்த பெண்ணின் நகங்களில் அலுமினியப் பொடி மினுங்கியது. ஒரு தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் அவர் கணவருக்கு மூளையைச் சுற்றி இரத்தக்கசிவு, நினைவில்லை. கசிவுக்குப் பின் நரம்புகளைச் சாகடிக்கும் குளுட்டமேட் என்ற மூளை ரசாயனத்தைத் தடுக்கும் ஊசியை ஆராய்ச்சிக்காகப் போடுகிறார்களாம். சம்மதித்துக் கையெழுத்திட்ட தாளின் நகல் அது.

“பொழைச்சிருவாரா?” என்றேன்.

“டாக்டருக்கே தெரியலண்ணே. முழிச்சு ஒரு வார்த்தை பேசட்டும், போதும். உச்சி வெயில்ல கெமிக்கல் கலக்கச் சொன்னவன் போர்மேன். இவரு பீடி பத்தவச்சாருன்னு இப்பச் சொல்லுதான். அவனக் கம்பி எண்ண வைக்காம விடமாட்டேன். இவரு பாத்த எடத்துக்கு இப்பவே வேற ஆள் தேடுதானாம், பாத்துக்கோங்க!”

மறுநாள் காலை அந்த இடத்துக்கு வேலை கேட்டு நான்தான் போய் நின்றேன்.