அய்யாக்கண்ணு ஓட்டிய ரயில்

ஆறு வருஷத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் தசராவை ஒட்டி நடந்த ரயில் பொம்மைக் கண்காட்சியைப் பார்த்தவர்கள் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எப்படித் தானாக ஓடிற்று, ஸ்டேஷன் பெயரைச் சொன்னதும் எப்படி நின்றது என்று என்னிடமே வந்து வாயைப் பிளக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தானாக ஓட அது என்ன வாய்க்கால் தண்ணீரா? அதை ஓட்டியவர் பெயர் அய்யாக்கண்ணு. குடுமியான்மலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் பாதை போட்டபோது ஜல்லிக்கூடை தூக்க வந்தவர். பாதை முடிந்தது, ரயிலும் வந்தது, இவர் மட்டும் பழைய கூலி வேலைக்குத் திரும்பவில்லை. தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன்களோடு டெம்பரரியாகச் சேர்ந்துகொண்டார். ஒன்பது வருஷம் டெம்பரரி. பெர்மனன்ட் கேட்க முடியாதபடி வருஷத்துக்கு ஒரு முறை பத்து நாள் நீக்கிவிட்டு மறுபடி எடுத்துக்கொள்வார்கள். நீக்குகிற தாளையும் எடுக்கிற தாளையும் எழுதியவன் நான்தான். பெயர் ரெங்கசாமி, ரயில் பாதை இன்ஸ்பெக்டர் ஆபீஸ் குமாஸ்தா.

பெர்மனன்ட் ஆகிவிட்டால் வெள்ளனூர்ப் பக்கம் ஒரு கேட்டில் கேட்கீப்பர் வேலை கிடைக்கும். கேட்டை ஒட்டி ஓர் அறை உண்டு. அந்த ஓர் அறைக்காகத்தான் அய்யாக்கண்ணுவும் அவர் மனைவி காத்தாயியும் தவம் கிடந்தார்கள். இருந்தது அண்ணன் வீட்டில். அண்ணன் மனைவி மீனம்மாளுக்கு, காத்தாயி குனிந்தாலும் குற்றம், நிமிர்ந்தாலும் குற்றம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய்க்குள்தான் காத்தாயி குடித்தனம் பண்ணினாள்.

எங்கள் இன்ஸ்பெக்டர் ரத்தினவேல் பிள்ளைக்குப் பொம்மை ரயில் என்றால் உயிர். இரண்டு வக்கீல்களையும் ஒரு டிராயிங் வாத்தியாரையும் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் வைத்தார். ஒரு சத்திரத்துக் கூடத்தில் இருபதடி நீள மேசை போட்டு, கீரனூர் ஸ்டேஷன், களிமண்ணில் நார்த்தாமலை, கோடியில் புதுக்கோட்டை ஸ்டேஷன் எல்லாம் செய்துவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. 'மின்சாரத்தால் தானே ஓடும் புகைவண்டி' என்று நோட்டீசும் அடித்துக் கொடுத்தாகிவிட்டது. கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மோட்டார் புகைந்து செத்துப்போனது.

பிள்ளை அசரவில்லை. மேசைக்கு அடியில் ஒரு தையல் மிஷின் சக்கரத்தைப் பொருத்தி, அதிலிருந்து கயிறு விட்டு, தண்டவாளத்துக்கு நடுவே ஓடும் பள்ளத்தில் ரயிலை இழுக்கும்படி செய்தார். சக்கரத்தைச் சுற்ற ஓர் ஆள் வேண்டும். அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பத்து நாளைக்கு இதுக்குள்ள இரு. வெளிய ஒருத்தருக்கும் தெரியப்படாது, பொண்டாட்டி உள்பட. நான் ஸ்டேஷன் பேரைச் சொன்னா நிறுத்து. லைன் கிளியர்னு சொன்னா சுத்து. முடிஞ்சதும் ஒன்னைப் பெர்மனன்ட் பண்ணச் சொல்லி எழுதிடுறேன்."

"எழுதிருங்கய்யா. இருக்கேன்" என்றார் அய்யாக்கண்ணு.

அவர் கண்ணெதிரிலேயே சிபாரிசுத் தாளை என்னை எழுதவைத்துப் பிள்ளை கையெழுத்தும் போட்டார். ஆள் படியிறங்கியதும் என்னிடம், "ட்ராயர்ல வை, அனுப்பாதே. பெர்மனன்ட் ஆயிட்டான்னா கேட்டுக்குப் போயிருவான். அடுத்த வருஷம் இதுக்குள்ள யாரு உக்காருவா?" என்றார். வைத்துவிட்டேன். நானும் அவர் கையெழுத்தில் பிழைத்தவன். வேறு சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த மேசையின் உயரம் இரண்டரை அடி. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுத்தை மடித்து, முழங்காலில் மோவாயை வைத்தபடி சுற்ற வேண்டும். சுற்றிலும் காக்கிப் படுதா. குழந்தைகள் தூக்கிப் பார்த்துவிடுவார்கள் என்று, அவர் உள்ளே போனதும் படுதாவின் அடியோரத்தை மேசைக் கால்களோடும் கீழ்ச்சட்டத்தோடும் சேர்த்து ஆணி அடித்துவிடுவோம். அடித்தவனும் நான்தான். மத்தியானம் ஒரு மணி நேரம் பிடுங்கிவிட்டு மறுபடி அடிப்பேன். இருமல் வந்தால் கேட்டுவிடும் என்று துண்டை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனுஷன் வேர்வையில் ஊறிப்போவார். சாயங்காலம் வெளியே வந்ததும் முதலில் என்னைத்தான் கேட்பார்.

"பேப்பர் போயிருச்சுங்களா?"

"போயிருச்சு" என்பேன். ஏழு நாள் சொன்னேன். கூசாமல் சொன்னேன்.

லைன் கிளியர் என்ற சொல்லில் அவருக்கு ஒரு மயக்கம். ரயிலையே புறப்பட வைக்கிற சொல் அல்லவா? வீட்டிலும் அதுதான் பேச்சாம். "சோறு வெந்துட்டா அவ லைன் கிளியருங்கன்னு கொரல் குடுப்பா. நான் எங்கிட்டுக் கெடந்தாலும் பொறப்பட்டுருவேன்" என்று ஒரு மத்தியானம் பழைய சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லிச் சிரித்தார். பெண்டாட்டியிடம் மூச்சு விடவில்லை என்றும் சத்தியம் செய்தார். ஒரே ஒரு வார்த்தைதான் விட்டிருக்கிறார், தசராவுக்கு ரயில் ஓட்டப் போகிறேன் என்று.

அது போதாதா? எட்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல், இருபது பேரைக் கூட்டிக்கொண்டு காத்தாயி வந்துவிட்டாள். மூன்று மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மீனம்மாளும் கூட வந்திருந்தாள். காத்தாயிக்கு அன்று தலை நிறையப் பூ. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஓரகத்திக்கு முன்னால் நடந்து வந்தாள்.

ரயில் கீரனூரில் நின்றுகொண்டிருந்தது. காத்தாயி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு பிள்ளையிடம், "ஓட்டுறவரு எங்கிட்டுங்க இருக்காரு?" என்றாள்.

"யாரும்மா ஓட்டுறது? தானா ஓடுது. நோட்டீஸ் பாக்கலியா?"

"இல்லீங்க, எங்க வீட்டுக்காரருதான் ஓட்டுறாரு."

"அப்படியா? பேரென்ன?"

அவள் எப்படிச் சொல்வாள்? புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லும் வழக்கம் எந்த ஊரில் இருந்தது? பிள்ளைக்கு அது தெரியாதா? தெரிந்துதான் கேட்டார். காத்தாயி மீனம்மாளைப் பார்த்தாள். மீனம்மாள் சொல்லலாம், கொழுந்தன் பெயர்தானே. அவளோ களிமண் நார்த்தாமலையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது.

"ஏன்டி, ஊரெல்லாம் தமுக்கடிச்சியே, இப்ப எங்கடி ஒம் புருசன்?" என்றாள் மீனம்மாள். "அந்த ரயில் பெட்டிக்குள்ள சுருண்டு படுத்திருக்காரா?"

இப்போது கூடமே சிரித்தது. காத்தாயிக்குக் கண் கலங்கிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதவள் வேறு எதைச் சொல்லிக் கூப்பிடுவாள்? வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"லைன் கிளியருங்க."

ரயில் புறப்பட்டது.

பிள்ளையின் முகம் செத்துப்போயிற்று. "அந்தம்மா சொன்னதும் கெளம்பிருச்சே" என்று எவனோ சொல்ல, அதற்கும் சிரித்தார்கள். காத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. ரயிலை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு கீழே படுதாவைப் பார்த்தாள். நார்த்தாமலை தாண்டி ரயில் சட்டென்று நின்றது.

அவள் நின்ற இடத்தில், முழங்கால் உயரத்தில், படுதா உள்ளிருந்து புடைத்தது. ஐந்து விரலும் தெரிந்தன. அய்யாக்கண்ணு வெளியே வரத் தள்ளிக்கொண்டிருந்தார். ஓர் ஆணி பிடுங்கிக்கொண்டு என் காலடியில் வந்து விழுந்தது. அவர் வெளியே வந்தால் பெர்மனன்ட் இல்லை, டெம்பரரியும் இல்லை, பிள்ளை அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்.

காத்தாயி மேசையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி குனிந்தாள். அந்த விரல்கள் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். வைத்து, உள்ளே தள்ளினாள். நான் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தேன், பலம் கொண்ட மட்டும் தள்ளினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"தானாத்தான் ஓடுதுங்க. நான்தான் பொய் சொன்னேன். எங்க வீட்டுக்காரரு கூலி வேலைக்குப் போயிருக்காரு."

மீனம்மாள் கைதட்டிச் சிரித்தாள். வண்டியில் வந்த இருபது பேரும் சிரித்தார்கள். அவளுக்கு அந்த ஊரில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அத்தோடு போயிற்று. படுதா மெதுவாக நேரானது. பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு "லைன் கிளியர்" என்று கத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு ரயில் ஓடியது.

சாயங்காலம் கதவைச் சாத்தியதும் பிள்ளை ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். அடுத்த வருஷம் மானாமதுரை வரைக்கும் நீட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஆணிகளைப் பிடுங்கினேன். அய்யாக்கண்ணு வெளியே வரவில்லை, கால் மரத்துப்போயிருந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்து உட்கார வைத்தேன். காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"பேப்பர் போயிருச்சுங்களா?"

அந்தப் பொய் வாயில் தயாராக இருந்தது. அன்றைக்கு வரமாட்டேன் என்றது.

"போகல. ட்ராயர்லதான் கெடக்கு. அவரு அனுப்ப வேணாம்னுட்டாரு. அனுப்பவும் மாட்டாரு."

அவர் காலைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். வலது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நாலு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும்.

"அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றார்.

மறுநாள் காலை வழக்கம்போல எட்டரைக்கு வந்தார். துண்டை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போனார். முந்தின நாள் தெறித்து விழுந்த ஆணியை எடுத்து, அதே ஓட்டையில் வைத்து நான் அடித்தேன்.