எந்தப் பாட்டில் என்று தெரியாத மாதங்கள்

எங்கள் வீட்டில் அப்போது யாரும் ஓர் இடத்தில் நிலையாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. அம்மா சோறு தின்பதே பாப்பாவின் பின்னால் நடந்துகொண்டுதான். பாப்பா என் தங்கை. அவளுக்கு அப்போது நான்கு வயது, எனக்குப் பதினொன்று. லேசாக உடம்பு சுட்டால் போதும், அவளுக்கு வலிப்பு வந்துவிடும். வெயிலில் நின்றால் வரும், வெந்நீரில் குளித்தால் வரும். கண் மேலே செருகி, ஒரு பக்கத்துக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். நாமக்கல்லில் வெயிலுக்கா பஞ்சம்? எங்கள் கோழிப்பண்ணைக் கூரையில் இருந்ததைப் போலவே ஒரு தண்ணீர்த் தெளிப்பானை வீட்டு ஓட்டின் மேலும் அப்பா பொருத்தினார். கோடை முழுக்கக் கோழிகளுக்கும் எங்களுக்கும் ஒன்றாகவே மழை பெய்தது.

சேலத்தில் நாங்கள் காட்டாத டாக்டர் இல்லை. வலிப்புக்கு வழக்கமான மாத்திரைகளையே மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதில் ஒன்று வலிப்பை இன்னும் அதிகமாக்கியது. கடைசியில் கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மா ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பி, இது மரபணுவிலேயே உள்ள கோளாறு, மிக அபூர்வமான வகை என்று சொன்னார். இதற்கென்றே ஒரு புது மருந்து உருவாகிவருகிறது, இப்போது குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றார். அதில் சேர்ந்தால் பழைய மாத்திரைகளோடு ஒரு பாட்டில் மருந்தும் தருவார்கள். ஆனால் சில குழந்தைகளின் பாட்டிலில்தான் மருந்து இருக்கும். மற்றவர்களுடையதில் அதே நிறத்தில், அதே ருசியில் வெறும் இனிப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள்.

அப்பாவுக்கு இது சட்டென்று புரிந்தது. புரிந்ததுதான் வம்பாகப் போயிற்று. கோழி மருந்து விற்பவர்கள் புதிதாக எதையாவது கொண்டுவந்தால், எங்கள் பண்ணையில் ஒரு ஷெட்டுக்குக் கொடுத்து, பக்கத்து ஷெட்டுக்குக் கொடுக்காமல் பார்ப்பார்கள். கொடுக்காத ஷெட்டில் செத்த கோழிகளை அள்ளிப் போட்டவர் அவர்.

திரும்பி வரும்போது காரில் கேட்டார். “ஏம்புள்ள, என்ற மகள வெறுந்தண்ணி ஷெட்டுல நிறுத்தச் சொல்றயா?”

அம்மா பாப்பாவின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே, “இப்ப மட்டும் எந்த ஷெட்டுலீங்க நிக்கிறா?” என்றாள்.

திருச்செங்கோடு தாண்டியதும் அப்பா, “செரி, சேத்தலாம்” என்றார்.

பாட்டில் வந்தது. அம்மா அதை ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து பாப்பாவின் கன்னத்துக்குள் விடுவாள். பாப்பா ஒருநாள் நன்றாகத் தூங்கினால், “மருந்துதான்” என்பார் அப்பா. மறுநாளே வலிப்பு வரும். “தண்ணிதான்” என்பார். நானும் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து, வாசலிலேயே நின்று, “இன்னைக்கு மருந்தா, தண்ணியா?” என்று கேட்பேன். அம்மா சிரிஞ்சின் நுனியில் மிஞ்சிய சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் வலிப்பு நிற்கவே இல்லை. முட்டை ஏற்றி நின்ற வேனிலேயே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். பிழைத்துக்கொண்டாள். வீடு வந்ததும் அப்பா பாட்டிலை எடுத்துக் குப்பையில் போடப் போனார்.

“பாதியில நிறுத்தினா இத்தன நாள் அவ பட்டதுக்கு என்னங்க அர்த்தம்?” அம்மா அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். “முடியட்டும். எதுன்னு தெரியட்டும். எனக்குத் தெரிஞ்சாவணும்.”

அதன் பிறகு அம்மா சிரிஞ்சை எடுத்தாலே அப்பா பண்ணைக்குப் போய்விடுவார்.

ஒருவழியாகச் சோதனை முடிந்து கூப்பிட்டார்கள். நாங்கள் நால்வரும் போனோம். டாக்டரம்மா தயங்கித்தான் சொன்னார். “உங்க கொழந்தைக்கு வந்தது மருந்தில்லாத பாட்டிலுங்க.”

நாற்காலி பின்னால் சாய அப்பா எழுந்தார். “நாந்தான் அன்னிக்கே சொன்னனே!” எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவோ மேஜைமேல் சாய்ந்து டாக்டரின் முகத்தருகே போனாள்.

“அப்ப அந்த மருந்து இன்னும் என்ற புள்ள வாய்க்குள்ள போவவே இல்லீங்களா?”

“இல்லீங்க. இனிமேத்தான். அது கெடச்ச கொழந்தைகளுக்கு வலிப்பு நல்லாக் கொறஞ்சிருக்குது. இனி எல்லாருக்குமே அதத்தான் தரப்போறோம்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிஜ மருந்து அந்த வாரமே தொடங்கியது. வலிப்பு ஒரேயடியாக நின்றுவிடவில்லை. ஆனால் மெல்ல மெல்ல இடைவெளி விட்டது. பாப்பா பேச்சில் இன்றும் கொஞ்சம் மெதுவுதான். ஆனால் வெயிலில் தனியாக நடந்து பள்ளிக்கூடம் போகிறாள்.

முடிவு சொன்ன அன்று ஆஸ்பத்திரி கேன்டீனில் அம்மா எங்களுக்குப் போண்டா வாங்கிக் கொடுத்து, தானும் ஒன்றுக்கு இரண்டாகத் தின்றாள். இத்தனை மாதம் ஏமாந்துபோயும் சிரிக்கிறாளே என்று எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. வலிப்பு வந்த ஒவ்வொரு முறையும், இந்தப் பாட்டிலில் இருப்பது நிஜ மருந்தாக இருந்துவிடக் கூடாது சாமி, இதற்குமேல் வேறு மருந்து இல்லை என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது.