அவிழ்த்துப் போட்ட கட்டுமரம்

ஈரக் கட்டை வெயிலில் காயும் வாடை, உப்பும் கவிச்சியும் கலந்தது. அது மூக்கில் ஏறினால் எலேன் அம்மாளின் நினைவு வரும்.

நான் மாமல்லபுரத்தில் பிரெஞ்சு கைடு. கடற்கரைக்கு வந்ததும் குரூப்புக்கு ஒரு பேச்சு வைத்திருப்பேன். "பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், எதில் கேட்டாலும் கத்தமரான்தான். அது எங்கள் கட்டுமரம், கட்டிய மரம். உங்கள் ஊரில் அது இரட்டை உடல் படகாகிவிட்டது. இங்கே இன்னும் கயிற்றால் பிணைத்த கட்டைகள்தான்." கைதட்டுவார்கள்.

அப்படி வந்த ஒரு குரூப்பில் எலேன் மட்டும் தட்டவில்லை. அவர் கணவர் ஆயுள் முழுக்க அந்த இரட்டைப் படகுகளைக் கட்டியவர். அந்தச் சொல் புறப்பட்ட கடலிலேயே தன் சாம்பலைக் கரைக்கச் சொல்லியிருந்தார், அதுவும் கட்டுமரத்தில் போய். சாம்பல் ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. அன்று இரவு எலேனுக்கு ஊர் திரும்ப ஃபிளைட்.

கடப்பாக்கம் மீனவக் குப்பத்தில், எனக்குப் பழக்கமான ஏழுமலையின் கட்டுமரம் தனித்தனிக் கட்டைகளாக மணலில் கிடந்தது.

"இன்னா ஏழுமலை, இன்னும் கட்டலையா? நேத்தே சொன்னேனே."

"குப்பத்துல சாவு சார். இன்னிக்கு யாரும் கடல்ல எறங்க மாட்டோம்."

"இவங்களுக்கு ராத்திரி ஃபிளைட்டு. ஒரு பத்து நிமிஷம் போய்ட்டு வந்துடலாம்."

"ஒன்கிட்ட ஃபிளைட்டு டைம் கேட்டுகினா செத்தாரு அவரு? ஒன் வூட்டு சாவுன்னா பத்து நிமிஷம் கைடு வேலைக்குப் போவியா?"

ஏழுமலை சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். எலேன் குனிந்து ஒரு கட்டையைத் தொட்டார்.

"எப்போதும் பிரித்துத்தான் வைப்பார்களா?"

"கரையேறியதும் அவிழ்த்துவிடுவார்கள். கட்டியபடியே கிடந்தால் ஊறிப் பாரமாகிவிடும். காய்ந்த பிறகு மறுபடி கட்டுவார்கள்."

சொல்லிவிட்டு நானே திகைத்தேன். இருபது வருடம் அந்தச் சொல்லை விளக்கியிருக்கிறேன்; அவிழ்ப்பதை ஒருநாளும் சொன்னதில்லை. புதிதாக கைடு வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு சொல்லின் பொருளை அதைப் புழங்குகிறவர் கையில் பாருங்கள். குப்பத்தைக் கேட்காமல் கடலுக்குக் கூட்டிப்போவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

எலேன் கட்டைகளுக்கு நடுவே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து டப்பாவை ஏழுமலையிடம் நீட்டினார். ஏழுமலை லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு இரு கைகளாலும் வாங்கினார்.

நாங்கள் காரில் ஏறும்போது பின்னாலேயே வந்தார்.

"அவரு பேரு இன்னான்னு கேளு சார்."

"லுக்" என்றார் எலேன்.

ஏழுமலை அதை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"நாளைக்கு விடிகாத்தால மரம் கட்டிடுவேம்மா. பேரு சொல்லித்தான் கடல்ல வுடுவேன். நீ தைரியமா போய் வா."