ராசு கீழே வைத்த டிரம்

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், எங்கள் ஊர் காஜா பேராங்கில் நானும் ராசுவும் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தோம். கொண்டாட்டம் பார்க்கக் கோலாலம்பூர் போக, ஜாலான் பெண்டஹாரா சாலைத் துணிக்கடை முதலாளி ராசுவின் டாக்சிக் காடியைத்தான் வாடகைக்குப் பேசினார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வாரம் இருவர் காடியிலும் பின் பிரேக் போயிருந்தது. இருவரும் போன பழைய சாமான் கடையில், சக்கரத்துக்குள் மாட்டும் இரும்புப் பிரேக் டிரம்கள் குவிந்து கிடந்தன. ராசு ஒன்றைத் துடைத்து, ஸ்பேனரால் தட்டிப் பார்த்துக் கீழே வைத்தான். அடுத்ததைத் தேடிக் குனிந்தான். அவன் துடைத்து வைத்ததை நான் வெடுக்கென்று எடுத்து, காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவனுக்குப் பிடித்தது அவனுக்குக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு.

சாயங்காலம் வேறொரு டிரம்மோடு ராசு என் வீட்டு வாசலில் நின்றான்.

"அண்ணே, நீங்க எடுத்தது விரிசல். தட்டினா மணி மாதிரி கேக்கணும், அது உடைஞ்ச சட்டி மாதிரி கேட்டுச்சு. இறக்கத்தில வெடிச்சா ஆளே காலி. உங்களுக்கும் சேர்த்து நல்லதா ஒண்ணு எடுத்தேன், இதை மாட்டுங்க."

தட்டினேன். கணீரென்றது. இவன் நல்லவனாகவும் இருந்து தொலைக்க வேண்டுமா என்று இன்னும் எரிந்தது.

அந்த டிரம்மை மாட்டித்தான் பல வருஷம் ஓட்டினேன். ஒருநாள்கூட அது என்னைக் கைவிடவில்லை. ராசுவிடம் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. சொன்னால், "இதுக்குப் போயா அண்ணே?" என்று சிரிப்பான். அதையும் என்னால் தாங்க முடியாது.