கிணற்று வராலும் கண்ணாடித் தொட்டியும்

எனக்குப் பொறாமை அதிகம். எண்பது தாண்டிய பிறகு இதை ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்? ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருந்தாலாவது சொல்லிக்கொள்ளலாம். நான் பொறாமைப்பட்டது இரண்டு மீன்களைப் பார்த்து.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம் அது. எங்கள் வீடு பாறசாலையை அடுத்த ஒரு கிராமத்தில் இருந்தது. என் கொழுந்தன் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்து அங்கேயே பெண் கட்டியவர். தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று அவர் கூட்டங்களில் பேசப் போக, போலீஸ் தேட ஆரம்பித்தது. மனைவியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுத் தலைமறைவானார். என் ஓரகத்தி, இளையவள், ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு கண்ணாடித் தொட்டியோடும் வந்து இறங்கினாள். தொட்டிக்குள் சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு தங்க மீன்கள். அவர் வாங்கிக் கொடுத்தவையாம். நான் வரும்வரை இரண்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

தொட்டி முன்னறை மேசையில் ஏறியது. மேசையில் இருந்த என் கல்யாண போட்டோ அரிசிப்பெட்டியின் மேலே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் பாதிச் சபையும் எங்கள் முன்னறையில்தான். அவள் மீனைக் காட்டுவாள். வந்தவர்களுக்கெல்லாம் நான் காப்பி போடுவேன். நாலு வருஷமாக என்னை ‘ஏட்டி’ என்று அதட்டியே கூப்பிட்ட மாமியார், அவளை வந்த அன்றைக்கே ‘மக்கா’ என்று செல்லமாகக் கூப்பிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அடுப்படியில் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

மீன் என்னிடமும் உண்டு. எங்கள் பக்கத்தில் புழுபூச்சியைத் தின்று குடிக்கிற வெள்ளத்தைச் சுத்தமாக வைக்கட்டும் என்று கிணற்றில் மீன் விடுவார்கள். கல்யாணமான வருஷம் ஆரியங்கோட்டில் என் அப்பாவின் குளத்திலிருந்து ஒரு வரால் குஞ்சைப் பானையில் எடுத்துவந்து நான்தான் இந்த வீட்டுக் கிணற்றில் விட்டேன். நாலு வருஷத்தில் சாண் நீளத்துக்கு மேலே வளர்ந்துவிட்டது. குடும்பமே அந்த வெள்ளத்தைத்தான் குடித்தது. ஒருத்தராவது அதை எட்டிப் பார்த்ததில்லை.

மேட மாதத்துக் கோடையில் கிணறு இறைத்துத் தூர்வார ஆட்கள் வந்தார்கள். அடியில் சேறு தெரிந்ததும் வராலைப் பிடித்து என்னிடம் தந்தார்கள். வழக்கமாக அதை வார்ப்பு என்கிற பெரிய அண்டாவில்தான் போடுவேன். அன்றைக்கு வார்ப்பிலும் குடத்திலும் குடிக்க வெள்ளம் பிடித்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பானை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. வராலை நேரே முன்னறைக்குக் கொண்டுபோய், தொட்டியின் மேல் விரித்திருந்த வலைத்துணியை விலக்கி உள்ளே விட்டேன். அரை நாள்தானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரால் எதைத் தின்னும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

மத்தியானம் ஆட்கள் கஞ்சி குடிக்க வந்தபோது எல்லாரும் என் மீனைத்தான் பார்த்தார்கள். இவ்வளவு பெரிதா என்று மாமியே கேட்டார். அந்த ஐந்து நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் இளையவள் தொட்டியருகே குனிந்து, ஒன்றைக் காணவில்லை என்றாள்.

துணி விலகியிருந்ததால் வெளியே துள்ளியிருக்கும் என்றார் மாமி. நான் பூனையின் மேல் பழியைப் போட்டேன். பிறகு இளையவளும் நானும் முழங்காலில் நின்று அலமாரிக்கு அடியிலும் பாய்ச்சுருளுக்குப் பின்னாலும் தேடினோம். இல்லாததைத் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வரால் தொட்டிக்கு அடியில் அசையாமல் கிடந்தது. சாயங்காலம் புது வெள்ளம் ஊறியதும் அதைக் கிணற்றில் விட்டுவிட்டேன்.

அதன்பிறகு இளையவள் வந்தவர்களுக்கு மீன் காட்டுவதை நிறுத்திவிட்டாள். எங்கோ துப்பாக்கிச் சூடு நடந்தது என்று செய்தி வந்த நாளில், மிச்சமிருந்த ஒற்றை மீனின் முன்னால் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். கொழுந்தனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் ஆசைப்பட்டபடி முன்னறை காலியாகத்தான் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் காலையில் இருவரும் கிணற்றடியில் நின்றோம். வரால் மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டு உள்ளே போனது. இனியும் தாங்காது என்று, நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். அவள் கயிற்றை விடவில்லை.

“அன்னைக்கே தெரியும் அக்கா. வராலுக்க வாயில செவந்த வால் கண்டேன்.”

தெரிந்துமா என்னோடு முழங்காலில் நின்று தேடினாய் என்று கேட்டேன். மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதி என்ன? ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். வாளியைத் தூக்கித் திண்டில் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“ஒங்க ஆளு தெனம் சாயங்காலம் வாறாரு. கால் கழுவ வெள்ளம் கேக்காரு. அந்தச் சத்தம் கேக்கியப்ப எல்லாம், ஒங்களுக்கும் இப்படி ஒரு நாள் ஆளில்லாமப் போவணும்னு உள்ள கெடந்து நெனச்சிருக்கேன். மீனு போனப்ப, அந்தப் பாவத்துக்கு இது செரியாப் போச்சுன்னு வச்சேன். அதாக்கும்.”

பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே வாசல் நடையில் ஒரு செம்பு வெள்ளம் கொண்டுபோய் வைத்தேன். என் வீட்டுக்காரர் வந்து வெள்ளம் கேட்க வாயைத் திறக்கும் முன், நான் விரலால் செம்பைக் காட்டினேன். என்ன விஷயம் என்பதுபோல் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவர் சத்தமில்லாமல் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். கொழுந்தன் திரும்பி வரும்வரை, ஏழு மாதம், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.