ஈற்றைத் தொப்பி

நெய்யாற்றின்கரைச் சந்தையில் இன்று யாரோ கூடை முடைய, மெலிந்த மூங்கில் மாதிரி இருக்கும் ஈற்றையைப் பச்சையாகக் கீறிக்கொண்டிருந்தார். அந்த வாசனை பட்டதும் என் கை தானாகத் தலைக்குப் போயிற்று.

ஐந்தாம் வகுப்பில் எங்களைத் தொப்பி முடையப் படிக்கவென்று கள்ளிக்காட்டுக்குக் கொண்டுபோய், அணை நீரைத் தோணியில் தாண்டவைத்து, காணிக்காரர் என்ற மலைவாழ் மக்களின் ஊரில் இப்போது இல்லாத ஓர் ஓலைக் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். உள்ளே முழுக்க இதே வாசனை, கீற்றுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். அந்த ஊர் அக்கா ஒருத்தி என் தலையையே அளவாக வைத்து முடைந்துகொண்டிருந்தாள். இன்னும் முடையாத கீற்றுகள் என் கண்ணுக்கு முன்னால் தொங்கி ஆடின.

கொட்டகைக்குப் பின்னால் காட்டில் ஏதோ மடமடவென்று ஒடிந்தது. அக்காவின் விரல்கள் நின்றன.

"அனங்காம, அசையாம இரி மக்கா. ஆனையாக்கும்."

"எதுக்கு வருது அக்கா?"

"ஈற்றை திங்க."

பொழியூர்க்காரியான எனக்கு அதுவரை பயம் என்றால் கடல்தான். இப்போது ஆனையின் தீனி என் தலையில் இருந்தது. அதைக் கழற்றக் கை எழவில்லை. அக்கா அதை மெல்ல எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, எங்களைவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.